பனிக்குள்ளே கொதித்த வண்டி

சென்ற ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு காணொலி அனுப்பியிருந்தார். எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் என்னிடம் அறிவியல் படித்தவர். பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் முடித்தார். உள்ளூர்ப் பட்டறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். பிறகு கனடா சென்று, அங்கும் வாகனப் பழுதுநீக்கமே படித்தார். இப்போது ஒண்டாரியோ மாகாணத்தில் சட்பரி நகருக்கு அருகே ஒரு பட்டறையில் ஸ்னோமொபைல் எனப்படும் பனி வண்டிகளைப் பழுது பார்க்கிறார்.

காணொலியில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளைப் பனி. நடுவில் முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகளும் பின்புறம் அகலமான ரப்பர் பட்டையும் கொண்ட ஒரு வண்டி. அதன் மூடிக்கு அடியிலிருந்து புகைபோல ஆவி கிளம்புகிறது. "டீச்சர், இங்க வெளியே மைனஸ் 28 டிகிரி. ஆனா இந்த வண்டி கொதிக்குது. ஏன்னு உங்க பிள்ளைங்ககிட்ட கேட்டுப் பாருங்க" என்று அவர் குரல்.

மறுநாள் எட்டாம் வகுப்பில் அதைக் காட்டினேன். முன்வரிசை மாணவி உடனே கேட்டாள்: "பனிமேலேயே ஓடுற வண்டி எப்படி டீச்சர் கொதிக்கும்?" "தண்ணி தீர்ந்திருக்கும்" என்றான் ஒருவன். தண்ணீர் நிறைய ஊற்றியிருந்தார்கள். "ஓட்டையாயிருக்கும்" என்றான் இன்னொருவன். எங்கும் ஒழுகவில்லை. "பம்ப் ரிப்பேர்." பம்ப் நன்றாகச் சுற்றியது. பிள்ளைகள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கும் விடை தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அன்றிரவு அவரை அழைத்துக் கேட்டேன். "உள்ளே காத்து மாட்டிக்கிச்சு டீச்சர். அதை எடுத்தவுடனே சரியாப் போச்சு" என்றார். அந்த ஒரு வரியை வகுப்பில் விளக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. வெப்பம், அழுத்தம், கொதிநிலை, பாய்மம் எனத் தனித்தனிப் பாடங்களாக நாம் நடத்துபவை அனைத்தும் அந்த வண்டிக்குள் ஒன்றாக இருந்தன. அதே உரையாடலில் அவர் சொன்ன இன்னொரு செய்தி என்னை உறங்கவிடவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பனி வண்டி என்பது என்ன?

குளிர்காலத்தில் சாலைகள் ஆளுயரப் பனியால் மூடிக்கொள்ளும் நாடுகளில் சக்கர வண்டி புதைந்துவிடும். வண்டியின் எடையை அகலமான பட்டையில் பரப்பினால் பனியின்மீது விழும் அழுத்தம் குறையும். எனவே புதையாமல் ஓடும். 'விசையும் அழுத்தமும்' பாடத்தில் ஒட்டகத்தின் பாதத்தைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இந்த வண்டிக்குப் பின்னால் ஒரு தந்தையின் துயரமும் உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்தவர் ஜோசப் அர்மான் பொம்பார்டியே. இளமையிலேயே பனியில் ஓடும் வண்டியைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தவர். 1934 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் கடும் வயிற்று நோயால் துடித்தபோது, பனி மூடிய சாலையில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. குழந்தை இறந்துவிட்டது. அதன்பின் அவர் அந்த முயற்சியில் முழுமூச்சாக இறங்கி, 1937 இல் பட்டையால் ஓடும் வண்டிக்கான காப்புரிமையைப் பெற்றார். அவர் செய்த பெரிய பனி வண்டிகள் ஆம்புலன்சாகவும், தபால் வண்டியாகவும், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியாகவும் ஓடின. ஓரிருவர் அமர்ந்து ஓட்டும் சிறு வண்டி 1959 இல் 'ஸ்கி-டூ' என்ற பெயரில் வந்தது. வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னதும் வண்டிமீது பிள்ளைகளுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. அதன்பின் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவது எளிதாக இருந்தது.

குளிரிலும் ஏன் குளிர்விக்க வேண்டும்?

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது கிடைக்கும் வெப்பத்தில் ஒரு பகுதிதான் வண்டியை ஓட்டும் வேலையாக மாறுகிறது. புகையோடு போவது போக, மீதி உலோகத்தில் ஏறுகிறது. அந்த வெப்பத்தைத் தொடர்ந்து வெளியேற்றாவிட்டால் வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும் எஞ்சின் பழுதாகும். குளிர் வெளியே இருக்கிறது; சூடு உள்ளே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே வெப்பத்தைச் சுமந்து செல்ல ஓர் ஆள் வேண்டும். அந்தச் சுமைகூலிதான் 'கூலன்ட்' எனப்படும் குளிர்விப்பு நீர்மம்.

வெறும் நீரை ஊற்ற முடியாது. உறையும்போது நீரின் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும். அந்த விரிவு எஞ்சினின் இரும்பையோ அலுமினியத்தையோ பிளந்துவிடும். எனவே நீரும் எத்திலீன் கிளைக்காலும் சம அளவில் கலந்து ஊற்றுகிறார்கள். இக்கலவை ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது.

பம்ப் இந்தக் கலவையை எஞ்சினைச் சுற்றியுள்ள அறைகள் வழியாகத் தள்ளுகிறது. அங்கே சூட்டை வாங்கிக்கொண்டு, தெர்மோஸ்டாட் என்ற வெப்பக் கதவைக் கடந்து வெளியே வருகிறது. நம் ஊர்க் கார் என்றால் அடுத்து முன்புறமுள்ள ரேடியேட்டருக்குப் போகும்; விசிறி காற்றை இழுத்துக் குளிர்விக்கும். பெரும்பாலான பனி வண்டிகளில் ஏற்பாடு வேறு. ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில், சுழலும் பட்டைக்கு மேலே, நீளமான அலுமினிய வெப்பப் பரிமாற்றிகள் உள்ளன. பட்டை சுழலும்போது வாரியிறைக்கும் பனி அவற்றின் அடிப்பரப்பில் மோதி உருகுகிறது.

இங்கே உருகுதலின் உள்ளுறை வெப்பத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு கிடைக்கிறது. பூச்சியம் டிகிரியில் உள்ள ஒரு கிலோ பனி, வெப்பநிலை மாறாமல் நீராக உருகுவதற்கு மட்டும் 334 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு கிலோ நீரைப் பூச்சியத்திலிருந்து ஏறத்தாழ 80 டிகிரி வரை சூடாக்கத் தேவையான வெப்பம் அது. அதனால்தான் விசிறி இல்லாமலேயே காரியம் நடக்கிறது. தூள்பனி தெறிக்காத கெட்டிப் பனிக்கட்டியின் மேல் ஓடும்போது இதே வண்டி சூடாகிவிடும். அப்போது பனிக்கட்டியைச் சுரண்டித் தூள் கிளப்புவதற்கென்றே சிறு கம்பிகளை வண்டியின் அடியில் பொருத்திக்கொள்கிறார்கள்.

காற்று எப்படி மாட்டிக்கொள்கிறது?

காணொலியில் வந்த வண்டியில் பழைய ரப்பர் குழாய் ஒன்றை மாற்றியிருந்தார்கள். மாற்றும்போது கூலன்ட் வடிந்து, அந்த இடத்தில் காற்று புகுந்தது. பிறகு மேலிருந்து கூலன்டை ஊற்றி, வாய்வரை நிரம்பியதும் மூடிவிட்டார்கள். ஆனால் குழாய்ப் பாதை நேரானதல்ல. எஞ்சினிலிருந்து மேலே ஏறி, வளைந்து, இருக்கைக்கு அடியில் கிடைமட்டமாகப் பின்னால் போய், திரும்பி வருகிறது. எங்கெல்லாம் குழாய் மேடாக வளைகிறதோ அங்கெல்லாம் காற்று ஒதுங்கி நிற்கும். மேலே ஏற வழியில்லை. கீழே இறங்கவும் முடியாது. ஊற்றுபவருக்கோ பாத்திரம் நிறைந்துவிட்டதாகத் தோன்றும்.

மாட்டிய காற்று மூன்று வகையில் கெடுக்கிறது.

முதலாவது, ஓட்டத்தை நிறுத்துகிறது. வண்டியிலுள்ள பம்ப் சுழன்று நீர்மத்தை விசிறித் தள்ளும் வகை. காற்றின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் ஏறத்தாழ 800இல் ஒரு பங்குதான். பம்புக்குள் காற்று நின்றால் இறக்கைகள் சுழலுமே தவிர, தள்ளுவதற்குக் கனமான பொருள் இருக்காது. கிணற்று மோட்டாரை ஓட்டுமுன் நம் விவசாயிகள் பம்பில் தண்ணீர் ஊற்றி நிரப்புவதும் இதனால்தான்.

இரண்டாவது, வெப்பத்தைச் சுமப்பதில்லை. ஒரே பருமனுள்ள நீரையும் காற்றையும் ஒரு டிகிரி சூடாக்கினால், நீர் எடுத்துக்கொள்ளும் வெப்பம் காற்றைப்போல் 3000 மடங்குக்கும் மேல். எஞ்சினின் மேற்பகுதியில் கைப்பிடி அளவு காற்று நின்றால், அந்த இடத்து உலோகம் மட்டும் தனியே கொதிக்கும். அதைத் தொடும் நீர்மம் ஆவியாகி, குமிழியை இன்னும் பெரிதாக்கும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. வெப்பநிலையைக் காட்டும் உணரி நீர்மத்தில் நனைந்திருந்தால்தான் சரியாகச் சொல்லும். அது காற்றுக்குள் நின்றால், உள்ளே உலோகம் கொதிக்கும்போதும் மீட்டர் முள் கீழேயே நிற்கலாம். பிறகு திடீரென்று துள்ளி ஏறும். கருவி காட்டுவதை நம்பும் முன், அது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். வெப்பநிலைமானியின் குமிழ் நீரில் முழுதும் மூழ்கியிருக்க வேண்டும் என்று ஆய்வகத்தில் நாம் சொல்வதற்கும் இதுவே காரணம்.

காற்றை வெளியேற்றுவது எப்படி?

மெக்கானிக்குகள் இதை 'ஏர் எடுத்தல்' என்பார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் அதன் கையேட்டில் சில நுணுக்கங்கள் மாறும். ஆனால் வரிசையும் காரணமும் ஒன்றே. என் மாணவர் சொன்ன ஒவ்வொரு படிக்கும் 'ஏன்?' என்று கேட்டு, அந்த விடையையும் கரும்பலகையில் சேர்த்து எழுதினேன்.

1. எஞ்சின் முழுவதும் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை மூடியில் கை வைக்கக்கூடாது. காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

2. காற்று வெளியேறும் வாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கத்தை உயர்த்தி நிறுத்த வேண்டும். முன்புறமா பின்புறமா என்பது வண்டியின் அமைப்பைப் பொறுத்தது. லேசான காற்று தானாகவே மேட்டை நோக்கி நகரும். நாம் செய்வது மேடு எங்கே என்று தீர்மானிப்பது மட்டுமே.

3. கூலன்டை மெதுவாக ஊற்ற வேண்டும். மளமளவென்று ஊற்றினால் அதுவே புதிய காற்றை இழுத்துக்கொண்டு போகும். ஊற்றும்போது குமிழிகள் வாயில் வந்து உடைவதைப் பார்க்கலாம்.

4. எஞ்சினின் உச்சியில் சிறிய ஏர் ஸ்குரூ இருந்தால் அதைச் சில சுற்றுத் தளர்த்த வேண்டும். முதலில் புஸ்ஸென்று காற்று வரும். பிறகு நுரையும் நீருமாகத் துப்பும். கடைசியில் குமிழியே இல்லாமல் ஒரே சீராக ஒழுகும். அப்போது மூட வேண்டும்.

5. ரப்பர் குழாய்களைக் கையால் அமுக்கி அமுக்கி விட வேண்டும். வளைவுகளில் ஒட்டி நிற்கும் குமிழிகள் அந்த அசைவில் விடுபட்டு மேலே வரும்.

6. காற்றோட்டமான இடத்தில், பட்டையின் பின்னால் யாரும் நிற்காதபடி, எஞ்சினை மெதுவாக ஓடவிட வேண்டும். மூடிய கொட்டகைக்குள் ஓட்டினால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். சூடேறி வெப்பக் கதவு திறந்ததும், அதுவரை அதன் பின்னால் ஒளிந்திருந்த காற்று நகர, நீர்மட்டம் குறையலாம்.

7. வெப்பப் பரிமாற்றிகளைக் கவனமாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். முழு நீளத்துக்கும் வெதுவெதுப்பாக இருந்தால் நீர்மம் சுற்றுகிறது என்று பொருள். எஞ்சின் சுட்டு, பரிமாற்றி சில்லென்று இருந்தால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது.

8. எஞ்சினை நிறுத்தி, மறுபடி முழுவதும் ஆறவிட்டு, மட்டத்தைப் பார்த்துக் குறைந்ததை ஊற்ற வேண்டும். ஒருமுறை சரியாக இருந்ததால் விட்டுவிடக்கூடாது. சிறு குமிழிகள் அடுத்தடுத்த ஓட்டங்களில்தான் ஒன்றுசேர்ந்து வெளியே வரும்.

சிந்திய கூலன்டைத் துடைத்துவிட வேண்டும் என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. நாய், பூனை நக்கிவிடும். குழந்தைகளும் ருசி பார்க்கக்கூடும்.

அந்த முதல் படி

எட்டுப் படிகளையும் எழுதிக்கொண்ட பின், "முதல் படியை மட்டும் மூணு தடவை சொல்றியே தம்பி, ஏன்?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், காணொலி அழைப்பில் சட்டைக் கையை மடக்கிக் காட்டினார். வலது முன்கையில் மணிக்கட்டு முதல் முழங்கை வரை தோல் சுருங்கிய தழும்பு.

ஊரில் பட்டறையில் சேர்ந்த முதல் ஆண்டு. கொதித்து நின்ற ஒரு லாரி வந்தது. தண்ணீர் ஊற்றுவதற்காக ரேடியேட்டர் மூடியைத் துணி வைத்துத் திருகினார். மூடியோடு கொதிநீரும் ஆவியும் கிளம்பிக் கையில் அடித்தன. முகத்தைத் திருப்பியதால் கண் தப்பியது.

"அழுத்தம் கூடினா கொதிநிலை கூடும்னு நீங்க சொல்லிக் குடுத்தீங்க டீச்சர். பரீட்சையில அதை எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனா அந்த லாரி முன்னால நிக்கும்போது அது ஞாபகமே வரலை" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்த வரியை நான் எப்படி நடத்தினேன் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். மலைமேல் பருப்பு வேகாது, குக்கரில் சீக்கிரம் வேகும் என்று இரண்டு எடுத்துக்காட்டுகள் சொன்னேன். அதே அழுத்தம் சட்டென்று குறைந்தால் என்ன ஆகும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது அந்தக் கேள்வியை ஒரு கணக்காகவே தருகிறேன். ரேடியேட்டர் மூடி, உள்ளே வளிமண்டல அழுத்தத்தைவிட ஏறத்தாழ 0.9 பார் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் என்று கொள்வோம். அந்த அழுத்தத்தில் தூய நீர் 118 டிகிரி செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும். எனவே 110 டிகிரியில் நீர் உள்ளே அமைதியாகவே இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் விழுகிறது. கொதிநிலை 100 டிகிரிக்கு இறங்குகிறது. ஒவ்வொரு கிலோ நீரிலும் 10 டிகிரிக்கான வெப்பம், அதாவது ஏறத்தாழ 42 கிலோஜூல், உபரியாகிவிடுகிறது. ஒரு கிலோ நீர் ஆவியாக 2257 கிலோஜூல் வேண்டும். எனவே அந்த உபரி வெப்பம் ஏறத்தாழ 18 கிராம் நீரை நொடியில் ஆவியாக்கும். 18 கிராம் என்பது இரண்டு மேசைக்கரண்டிக்கும் குறைவு. ஆனால் ஆவியானதும் அது பிடிக்கும் இடம் 30 லிட்டர்! ஒரு லிட்டர் நீருக்குள் 30 லிட்டர் ஆவி திடீரெனப் பிறந்தால் என்ன ஆகும்? மீதி நீரையும் தூக்கிக்கொண்டு, திறந்த வாய் வழியே பாயும்.

இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் ஒன்பதாம் வகுப்பில் ஓர் அமைதி. பிறகு ஒரு மாணவி சொன்னாள்: "குக்கரை இறக்கினதும் எங்கம்மா திறக்க மாட்டாங்க டீச்சர். பிரஷர் அடங்கட்டும்னு சொல்வாங்க." அவள் அம்மாவுக்குத் தெரிந்த அதே உண்மைதான். சமையலறையில் தெரிந்தது பட்டறையில் நினைவுக்கு வர, இடையே ஒரு பாலம் வேண்டும். அதைப் போடுவது நம் வேலை.

வகுப்பறையில் செய்து பார்க்க

இந்தச் செயல்பாடுகள் எதற்கும் வெந்நீர் தேவையில்லை. கொதிநீரையோ குக்கரையோ வைத்து எதையும் செய்து காட்ட வேண்டாம்.

தொடக்க வகுப்புகளுக்கு: ஒரு கண்ணாடிப் புட்டியின் வாயில் புனல் வைத்து, இடைவெளியைக் களிமண்ணாலோ பிசைந்த மாவாலோ இறுக அடையுங்கள். புனலில் நீரை ஊற்றச் சொல்லுங்கள். சிறிது இறங்கி, பிறகு புனலிலேயே நிற்கும். 'புட்டி காலியாகத்தானே இருக்கிறது, ஏன் இறங்கவில்லை?' என்று கேளுங்கள். பிறகு களிமண்ணில் குச்சியால் ஒரு துளை இடுங்கள். நீர் கடகடவென்று இறங்கும். துளையருகே விரலை வைத்தால் வெளியேறும் காற்று விரலில் படும். காற்று இடத்தை அடைக்கும் என்பதையும், அது போனால்தான் நீர் வரும் என்பதையும் ஒரே நேரத்தில் பிள்ளைகள் காண்பார்கள்.

நடுநிலை வகுப்புகளுக்கு: கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாயில் ஐந்து மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். குமிழி இல்லாமல் நீர் நிரப்பினால் இரு முனைகளிலும் நீர்மட்டம் ஒன்றாக நிற்கும். இப்போது ஒரு முனைக்கு அருகே, நிமிர்ந்து நிற்கும் பகுதியில் குழாயை அடைக்கும்படி 5 செ.மீ. நீளக் காற்றுக் குமிழி ஒன்றை விடுங்கள். மட்டங்கள் ஏறத்தாழ 5 செ.மீ. மாறிவிடும். எங்கள் வகுப்பில் இதைச் செய்யத் தொடங்கியபோது, பாடத்தில் அதிகம் பேசாத ஒரு மாணவன் எழுந்து, "எங்கப்பா டியூபைச் சுண்டிக்கிட்டே இருப்பார் டீச்சர். காத்து இருந்தா மட்டம் பொய் சொல்லும்பார்" என்றான். அன்று அவன்தான் குமிழியை எடுத்துக் காட்டினான்.

உயர்நிலை வகுப்புகளுக்கு: அதே போன்ற, விரலைவிட மெல்லிய குழாயைப் படுக்கவைத்த ஒரு வாளியின்மேல் நான்கு சுற்றுச் சுற்றுங்கள். சுற்றுகள் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு முனையில் புனலைப் பொருத்தி, சுற்றின் உச்சியைவிட ஒரு சாண் உயரத்தில் பிடியுங்கள். மறுமுனை கீழே திறந்திருக்கட்டும். மெதுவாக நீர் ஊற்றுங்கள். புனல் நிரம்பி நிற்கும்; கீழே நீர் வராது. ஒவ்வொரு சுற்றின் அடியிலும் நீரும் உச்சியில் காற்றும் மாறிமாறி நிற்பதைப் பிள்ளைகள் காண்பார்கள். ஒவ்வொரு சுற்றையும் தாண்ட அதன் உயரத்துக்கான அழுத்தம் தனித்தனியே வேண்டும். நான்கும் கூடும்போது புனலின் உயரம் போதவில்லை. இப்போது முதல் சுற்றின் உச்சியில் குண்டூசியால் ஒரு துளை இடுங்கள். காற்று வெளியேறி, நீர் வந்து துளையில் கசிந்ததும் ஒட்டுநாடாவால் மூடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இதையே செய்யுங்கள். சற்று நேரத்தில் கீழ்முனையில் நீர் சீராக ஓடும். அந்தக் குண்டூசித் துளைதான் பனி வண்டியின் ஏர் ஸ்குரூ.

இதைச் செய்த வாரத்திலேயே பயன் கிடைத்தது. பொங்கல் விடுமுறைக்குப் பின் எங்கள் பள்ளி மாணவிகள் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை. மேல்நிலைத் தொட்டி நிறைந்திருந்தது. ஒவ்வோர் ஆண்டும் இப்படி நடக்கும். ஆள் வந்து சரிசெய்ய நாட்கள் ஆகும். பிள்ளைகள் அதுவரை படும் பாட்டை நாம் அறிவோம். இம்முறை எட்டாம் வகுப்பு மாணவிகள் குழாய்ப் பாதையை நடந்து பார்த்தார்கள். சன்ஷேடைத் தாண்டும் இடத்தில் குழாய் மேடாக வளைந்திருப்பதைக் காட்டி, "காத்து அங்கதான் டீச்சர் இருக்கு" என்றார்கள். பிளம்பரை வரவழைத்து அந்த மேட்டில் ஒரு சிறு வால்வு வைக்கச் சொன்னோம். அவர் அதைத் திறந்ததும் முதலில் காற்று சீறியது; பிறகு துப்பியது; பிறகு ஒழுகியது. மூன்றையும் பிள்ளைகள் முன்கூட்டியே வரிசையாகச் சொன்னார்கள்.

ஆசிரியர்களுக்குச் சில சொற்கள்

எட்டாம் வகுப்பில் 'விசையும் அழுத்தமும்', 'வெப்பம்' ஆகிய பாடங்களிலும், ஒன்பதாம் வகுப்பில் 'பாய்மங்கள்' பாடத்திலும் இந்த ஒரே நிகழ்வைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். பனியைப் பார்த்திராத பிள்ளைகளுக்குப் பனி வண்டி எதற்கு என்று தோன்றலாம். 'பனிக்குள் எப்படிக் கொதிக்கும்?' என்ற முரண்தான் அவர்களை இழுக்கிறது. விடையைத் தேடிப் போகும்போது அவர்கள் வந்து சேரும் இடம் கொத்தனாரின் குழாயும், அம்மாவின் குக்கரும், பள்ளித் தொட்டியுமாக இருக்கிறது.

செய்முறை ஒன்றைச் சொல்லும்போது ஒவ்வொரு படிக்கும் காரணத்தைப் பிள்ளைகளையே சொல்லவைப்பது நல்லது. படிகளை மறந்தாலும், காரணம் தெரிந்தவர் அவற்றை மீண்டும் கண்டுபிடித்துக்கொள்வார். நம் வகுப்பிலிருந்து பலர் பட்டறைக்கும், கட்டட வேலைக்கும், மோட்டார் கொட்டகைக்கும், சமையற்கூடத்துக்கும் போகிறார்கள். எனவே ஒவ்வொரு கருத்தையும் முடிக்கும்போது, 'இது தெரியாவிட்டால் எங்கே அடிபடும்?' என்ற கேள்வியையும் வையுங்கள்.

அந்தக் காணொலியை அனுப்பிய மாணவரை, பட்டறையில் வேலை இல்லாத ஒரு மாலை, எங்கள் ஒன்பதாம் வகுப்போடு கைப்பேசியில் பேசவைத்தேன். பிள்ளைகள் பனி, கரடி, சம்பளம் என்று எல்லாவற்றையும் கேட்டார்கள். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் சட்டைக் கையை மடக்கிக் கைத்தழும்பைக் காட்டி, "ஆறின பிறகுதான் மூடியைத் திறக்கணும். எத்தனை பேருக்குக் காரணம் தெரியும்?" என்று கேட்டார். இருபதுக்கும் மேற்பட்ட கைகள் உயர்ந்தன. உயராத கைகளை எண்ணிக்கொண்டேன். மறுநாள் பாடத்தை அங்கிருந்து தொடங்கினேன்.